வெந்நீர் மட்டும் நூலாக வருகிறதா? பம்ப் வாங்குவதற்கு முன் இதையெல்லாம் பாருங்கள்

போன மார்கழியில் அம்மா எங்கள் வீட்டு மாடியில் வந்து தங்கியபோதுதான் இந்தப் பிரச்சினை எனக்கு உறைத்தது. பச்சைத் தண்ணீரைத் திறந்தால் வாளி சீக்கிரம் நிறைகிறது, வெந்நீர்ப் பக்கம் திருப்பினால் நூல் மாதிரி வருகிறது. தலையில் எண்ணெய் தேய்த்துக்கொண்டு எழுபது வயது மனுஷி அந்தக் குளிரில் வாளி நிறையக் காத்திருந்ததைப் பார்க்கவே கஷ்டமாக இருந்தது. வந்து பார்த்த இரண்டு பேரும் ஐந்து நிமிடத்தில் ஒரே பதிலைச் சொன்னார்கள்: "பிரஷர் பம்ப் போட்டுடுங்க சார்." மூன்றாவதாக வந்த பிளம்பர் அண்ணன்தான் பம்ப் பேச்சையே எடுக்காமல் முதலில் ஒரு வாளி கேட்டார். கடைசியில் குற்றம் ஒரு கனெக்ஷன் பைப்புக்குள் உப்பிப்போன ரப்பர் வாஷரிலும், கீசர் வால்வில் படிந்த உப்பிலும் இருந்தது. அவரிடம் கற்றுக்கொண்டதையும் அதற்குப் பிறகு நானே செய்து பார்த்ததையும், ஸ்பேனரைக் கையில் பிடித்தே பழக்கமில்லாதவர்களுக்கும் புரிகிற மாதிரி இங்கே எழுதுகிறேன். மொட்டை மாடியில் டேங்க், குளியலறையில் 10, 15 அல்லது 25 லிட்டர் கீசர், போர் தண்ணீர் என்று இருக்கும் சாதாரண வீடுகளுக்கானது இது.

கீசர் தண்ணீரைத் தள்ளுவதில்லை

இதைப் புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. கீசருக்குள் மோட்டார் எதுவும் கிடையாது. டேங்கிலிருந்து இறங்கும் பச்சைத் தண்ணீர் கீசரின் அடிப்பக்கம் உள்ளே நுழைந்து, மேலே நிற்கும் சூடான தண்ணீரை அந்தப் பக்கமாக வெளியே தள்ளுகிறது, அவ்வளவுதான். அதனால் வெந்நீர் மெதுவாக வருகிறது என்றால் ஒன்று டேங்கிலிருந்து வரும் அழுத்தமே குறைவு, அல்லது டேங்கிலிருந்து கீசர் வழியாகக் குழாய் வரைக்கும் உள்ள பாதையில் எங்கோ அடைப்பு. இந்த இரண்டில் எது என்று தெரியாமல் ஒரு ரூபாய்கூடச் செலவு செய்யாதீர்கள்.

அழுத்தம் என்பது டேங்கில் தண்ணீர் நிற்கும் மட்டத்துக்கும் உங்கள் ஷவருக்கும் இடையே உள்ள உயரம்தான். 10 மீட்டர் உயரத்துக்கு ஏறக்குறைய 1 பார் (பார் என்பது அழுத்தத்தை அளக்கும் அலகு). இப்போது மாடி வீட்டுக் கணக்கைப் பாருங்கள்: ஷவரிலிருந்து தளத்தின் மேல்பக்கம் வரை 4 அடி, டேங்க் நிற்கும் மேடை 3 அடி, டேங்கில் பாதித் தண்ணீர் என்றால் இன்னொரு 2 அடி, ஆக மொத்தம் 9 அடி. அதாவது கால் பாருக்குக் கொஞ்சம் மேலே. கீழ்வீட்டில் இதே ஷவருக்கு இன்னொரு 10 அடி சேர்ந்து இரண்டு மடங்கு ஆகிவிடும். கீழே வாடகைக்கு இருப்பவர்களுக்கு நன்றாக வருகிறது, மேலே நமக்கு வருவதில்லை என்று குழம்புகிறவர்களுக்கு இதுதான் காரணம். கால் பாரை வைத்துக்கொண்டு பிழைக்கும் வீட்டில் சின்ன அடைப்புகூடப் பெரிதாகத் தெரியும்.

அடைப்பு ஏன் பெரும்பாலும் வெந்நீர்ப் பக்கமே வருகிறது என்பதற்கும் காரணம் இருக்கிறது. போர் தண்ணீரில் கரைந்திருக்கும் கால்சியம், மெக்னீசியம் உப்புகள் குளிர்ந்த தண்ணீரில் அமைதியாகக் கரைந்தே இருக்கும், சூடாக்கியதும் பெரும்பாலும் கால்சியம் கார்பனேட்டாக வெள்ளையாகப் படியும். வெந்நீர் வைக்கும் பாத்திரத்தின் உள்ளே பூத்திருக்குமே, அதேதான். குடிநீருக்கான இந்தியத் தர அளவு, ஐஎஸ் 10500, கடினத்தன்மையை, அதாவது இந்த உப்புகளின் அளவை, லிட்டருக்கு 200 மில்லிகிராம் என்று வைக்கிறது, வேறு வழியில்லாத இடத்தில் 600 வரை போகலாம் என்கிறது. தண்ணீரைச் சோதித்துப் பார்க்க முடிந்தால் பார்த்துவிடுங்கள், எத்தனை மாதத்துக்கு ஒருமுறை சுத்தம் செய்ய வேண்டியிருக்கும் என்று ஓரளவு பிடிபடும்.

முதல் வேலை: வாளியும் போனில் டைமரும்

10 லிட்டர் கோடு போட்ட வாளி ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். கோடு இல்லையென்றால் 1 லிட்டர் பாட்டிலால் பத்து முறை ஊற்றி நீங்களே ஒரு கோடு போட்டுவிடலாம். ஷவரில் அளக்க வேண்டாம், கீழே இருக்கும் வாளிக் குழாயில் அளங்கள். பச்சைத் தண்ணீரை மட்டும் முழுதாகத் திறந்து 10 லிட்டருக்கு எவ்வளவு நேரம் என்று பாருங்கள், அப்புறம் வெந்நீரை மட்டும். கீசர் சுவிட்ச் அணைத்தே இருக்கட்டும், நமக்கு இப்போது சூடு முக்கியமில்லை, வேகம்தான் முக்கியம். எங்கள் வீட்டில் பச்சைத் தண்ணீர் 1 நிமிடம் 10 விநாடி, வெந்நீர் 4 நிமிடம் 20 விநாடி.

இந்த இரண்டு எண்களே பாதி நோயைச் சொல்லிவிடும். இரண்டும் மெதுவென்றால் டேங்க், கீழே இறங்கும் பைப், உயரம் இதில் ஒன்று. பச்சைத் தண்ணீர் நன்றாக வந்து வெந்நீர் மட்டும் மெதுவென்றால் குற்றம் வெந்நீர்ப் பாதையில், அதற்குப் பம்ப் மருந்தே இல்லை. இரண்டும் வாளிக் குழாயில் நன்றாக வந்து ஷவரில் மட்டும் மோசமென்றால் ஷவரைக் கழற்றிச் சுத்தம் செய்தாலே போதும். வீட்டில் இன்னொரு குளியலறை இருந்தால் அங்கேயும் அளந்து ஒரு காகிதத்தில் எழுதி வையுங்கள், பிளம்பர் வரும்போது அந்தக் காகிதத்தைக் காட்டினால் பேச்சே வேறு மாதிரி இருக்கும்.

கீசரைத் தொடாமலே சரியாகக்கூடியவை

ஷவர் தலையைக் கையால் திருகினாலே பெரும்பாலும் கழன்றுவிடும், இறுகியிருந்தால் துணியைச் சுற்றி ஸ்பேனர் போடுங்கள், இல்லாவிட்டால் குரோம் கீறிவிடும். உள்ளே ஒரு சல்லடை இருக்கும், அதில் மணலும் டெஃப்லான் டேப் துணுக்கும் கிடக்கும். தட்டிக் கழுவிவிட்டு வினிகரில் ஒரு மணி நேரம் ஊறவையுங்கள், அல்லது கடையில் எலுமிச்சை உப்பு என்று கேட்டால் கிடைக்கும் சிட்ரிக் ஆசிட்டை இரண்டு மூன்று கரண்டி வெதுவெதுப்பான தண்ணீரில் கரைத்து அதில் போடுங்கள். ரப்பர் முனை இருக்கும் ஷவர் என்றால் கட்டைவிரலால் தேய்த்தாலே உப்பு உதிரும். தரை கழுவும் ஆசிட்டில் மட்டும் போடாதீர்கள், குரோம் உரிந்துவிடும். வினிகரையும் ப்ளீச்சிங் பவுடரையும் ஒன்றாகச் சேர்க்கவே கூடாது, விஷ வாயு வரும்.

அடுத்து மொட்டை மாடிக்குப் போங்கள். பல வீடுகளில் கீசருக்கென்று டேங்கிலிருந்து தனி லைன் இறங்கும், அதற்குத் தனி வால்வும் இருக்கும். டேங்க் கழுவ வந்தவர்கள் அதை மூடிவிட்டுப் பாதிதான் திறந்திருப்பார்கள், இது ரொம்ப சகஜம். பழைய பித்தளை கேட் வால்வு என்றால் இன்னொரு ஆபத்து உண்டு: கைப்பிடி நன்றாகச் சுற்றும், ஆனால் உள்ளே இருக்கும் கதவு தண்டிலிருந்து கழன்று கீழேயே உட்கார்ந்திருக்கும். வெளியிலிருந்து பார்த்தால் திறந்த மாதிரியே தெரியும். சந்தேகமிருந்தால் அதை எடுத்துவிட்டு அதே அளவில் பால் வால்வு (உள்ளே துளையுள்ள உருண்டை திரும்பும் வால்வு) போடச் சொல்லுங்கள், பால் வால்வில் கைப்பிடி பைப்புக்கு நேராக இருந்தால் திறந்திருக்கிறது என்று குழந்தைக்குக்கூடத் தெரியும்.

டேங்க் காலியாகி மறுபடி நிரம்பிய பிறகுதான் இந்தத் தொல்லை ஆரம்பித்தது என்றால் பைப்பில் காற்று அடைத்திருக்க வாய்ப்பு அதிகம். விட்டுவிட்டுத் துப்பித் துப்பி வருவதும், 'புஸ்' என்ற சத்தமும் அதன் அடையாளம். அந்த லைனில் இருக்கும் எல்லாக் குழாய்களையும் ஒரே நேரத்தில் முழுதாகத் திறந்து பத்து நிமிடம் ஓடவிடுங்கள், பெரும்பாலும் போய்விடும். போகவில்லையென்றால் மாடியில் இறங்கும் பைப்பில் காற்றுக்குழாய் இருக்கிறதா என்று பாருங்கள், அது டேங்கின் தண்ணீர் மட்டத்துக்கு மேலே வரை நிமிர்ந்து நிற்க வேண்டும். இல்லாத வீட்டில் அதை வைப்பது சின்ன வேலை.

இன்னொன்று, பலர் கவனிக்காதது. தனியாக அளந்தால் வெந்நீர் சுமாராக வரும், ஆனால் இரண்டு தண்ணீரும் கலந்து வரும் மிக்ஸர் குழாயில் இரண்டையும் சேர்த்துத் திறந்தால் வெந்நீர் காணாமல் போய்விடும். பச்சைத் தண்ணீரின் அழுத்தம் அதிகமாக இருந்து வெந்நீரை வரவிடாமல் நெருக்குகிறது என்று அர்த்தம். மிக்ஸருக்குள் போகும் பச்சைத் தண்ணீர் வால்வைக் கொஞ்சம் கொஞ்சமாக மூடிப் பாருங்கள், கால் திருப்புக்கே வித்தியாசம் தெரியும்.

கழற்றும் முன்

இந்த இடத்தில் நிதானமாக இருங்கள். கீசர் சுவிட்சை அணைப்பது மட்டும் போதாது, மெயின் போர்டில் அதற்கான எம்சிபி என்ற டிரிப் சுவிட்சையும் இறக்குங்கள், பிளக் இருந்தால் உருவிவிடுங்கள். வெந்நீர்க் குழாயைத் திறந்து, வருகிற தண்ணீர் முழுக்கக் குளிரும் வரை ஓடவிடுங்கள். கையில் ஈரத்தோடு சுவிட்ச் பக்கம் போகாதீர்கள், ஸ்டூல் ஆடாமல் இருக்கிறதா என்று பாருங்கள், கீழே பிடித்துக்கொள்ள ஒருவரை நிறுத்துங்கள். வாடகை வீடு என்றால் கழற்றும் முன் வீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். கீசர் உடலைத் தொடும்போது என்றைக்காவது லேசாகச் சுரீர் என்றிருந்தால் இந்தக் கட்டுரையை விட்டுவிட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள், அது எர்த்திங் பிரச்சினை, தண்ணீர் வேகத்தைவிட ஆயிரம் மடங்கு அவசரம்.

அடைப்பு எந்தப் பக்கம்?

கீசருக்கு அடியில் இரண்டு முனைகள் இருக்கும். நீல வளையம் பச்சைத் தண்ணீர் உள்ளே போவது, சிவப்பு வளையம் வெந்நீர் வெளியே வருவது. இரண்டிலிருந்தும் எஃகு பின்னல் போட்ட கனெக்ஷன் பைப் சுவருக்குப் போகும். நீலப் பக்கம் சுவரில் தண்ணீரை மூடித் திறக்கும் சின்ன வால்வு, ஆங்கிள் காக், இருக்கும்.

ஆங்கிள் காக்கை மூடுங்கள். நீலப் பக்கத்துப் பைப்பைக் கீசர் முனையில் கழற்றி, அந்த நுனியை வாளிக்குள் விட்டு, காக்கை முழுதாகத் திறந்து 10 லிட்டருக்கு நேரம் பாருங்கள். கழற்றும்போது கீசருக்குள் இருக்கும் தண்ணீர் கொஞ்சம் ஊற்றலாம், இன்னொரு வாளி தயாராக இருக்கட்டும். பிறகு காக்கை மூடி இதைத் திரும்ப மாட்டிவிட்டு, சிவப்புப் பக்கத்துப் பைப்பைச் சுவர் முனையில் கழற்றி வாளிக்குள் விட்டு, காக்கைத் திறந்து அதே மாதிரி அளங்கள். முதல் சில விநாடிகள் காற்று வரும், தண்ணீர் சீரான பிறகு டைமரைத் தொடங்குங்கள். கீசர் உயரத்தில் இருப்பதால் இரண்டு அளவுமே கீழ்க் குழாயைவிடக் கொஞ்சம் மெதுவாகத்தான் இருக்கும், பயப்பட வேண்டாம். நீலத்தையும் சிவப்பையும் ஒன்றோடொன்று ஒப்பிட்டால் போதும்.

நீலமே மெதுவென்றால் அடைப்பு கீசருக்கு முன்னால்: ஆங்கிள் காக், அந்தக் கனெக்ஷன் பைப், அல்லது மாடியிலிருந்து வரும் லைன். நீலம் நன்றாக வந்து சிவப்பு மெதுவென்றால் கீசர் அல்லது அதன் வால்வு, அல்லது நீங்கள் வாளிக்குள் விட்ட அந்தச் சிவப்புப் பைப். இரண்டும் நன்றாக வருகிறது, குளியலறைக் குழாயில் மட்டும் மெதுவென்றால் சுவருக்குள் இருக்கும் வெந்நீர் பைப் அல்லது மிக்ஸர். பம்ப் வாங்கச் சொன்ன இரண்டு பேரில் ஒருவராவது இந்த இருபது நிமிட வேலையைச் செய்திருந்தால் அம்மாவுக்கு ஒரு மாதம் முன்பே நல்ல வெந்நீர் கிடைத்திருக்கும்.

கனெக்ஷன் பைப், வால்வு

கனெக்ஷன் பைப் வெளியே அரை இன்ச் மாதிரி தெரிந்தாலும் உள்ளே துளை சுண்டுவிரல்கூட நுழையாத அளவுதான். இரு முனையிலும் ரப்பர் வாஷர் இருக்கும், வெந்நீர் பட்டுப் பட்டு அது உப்பி நடுத்துளையை மூடிவிடும், பைப்பைக் கூர்மையாக மடித்திருந்தால் உள் ரப்பர் நெரிந்துவிடும். எங்கள் வீட்டுச் சிவப்புப் பக்கத்து வாஷரில் தீக்குச்சி நுழையும் அளவுதான் வழி இருந்தது. இதைச் சுத்தம் செய்துகொண்டிருக்காதீர்கள், மாற்றிவிடுங்கள், நான் நல்ல தரத்தில் இரண்டு வாங்கியதே ஐந்நூறு ரூபாய்க்குள் முடிந்தது. கடையில் நுனியைக் கண்ணுக்கு நேராகப் பிடித்து உள்துளை பெரியதைக் கேளுங்கள், நீளம் கச்சிதமாக வாங்குங்கள், டெஃப்லான் டேப்பை மரையின் முதல் சுற்றை விட்டுவிட்டுச் சுற்றுங்கள், துணுக்கு உள்ளே போகாது.

நீல முனையில் கீசரோடு வரும் வால்வு ஒன்று இருக்கும், பல பிராண்டுகளில் மல்டிஃபங்ஷன் வால்வு என்பார்கள். தண்ணீர் டேங்க் பக்கம் திரும்பிப் போகாமல் தடுப்பதும், கீசருக்குள் அழுத்தம் அளவு மீறினால் வெளியே விடுவதும் அதன் வேலை. உள்ளே ஸ்பிரிங்கும் ஒரு மூடியும் இருப்பதால் உப்பு அங்கே சுலபமாகப் பிடித்துக்கொள்ளும். மேல்தளத்தில் இருக்கும் கொஞ்ச அழுத்தத்தில் ஸ்பிரிங் இறுகிவிட்டால் பாதித் தண்ணீர் அங்கேயே நின்றுவிடும். கழற்றி ஊதிப் பாருங்கள், அம்புக்குறி காட்டும் திசையில் காற்று தடையில்லாமல் போக வேண்டும், எதிர்த்திசையில் போகவே கூடாது. வினிகரில் ஊறவைத்தும் அசையவில்லையென்றால் உங்கள் கீசர் மாடலுக்கு உரிய புதியதை வாங்கிப் போடுங்கள்.

சிலர் அதை எடுத்துவிட்டு வெறும் பைப்பை மாட்டிக் கொடுப்பார்கள். தண்ணீர் நன்றாக வரும், உண்மைதான். ஆனால் டேங்க் காலியாகும் ஒருநாள் கீசரில் இருக்கும் தண்ணீர் அந்த வழியாகத் திரும்பி இறங்கிவிடும், அது தெரியாமல் சுவிட்ச் போட்டால் தண்ணீரைச் சூடாக்கும் கம்பிச்சுருள், அதாவது காயில், எரிந்துவிடும். அழுத்தத்தை வெளியே விடும் வழியும் போய்விடும். தயவுசெய்து இதற்குச் சம்மதிக்காதீர்கள். அதேபோல், கீசர் சூடாகும்போது அந்த வால்விலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுவதைக் கோளாறு என்று நினைத்து அடைத்துவிடக் கூடாது. 25 டிகிரித் தண்ணீர் 60 டிகிரி ஆகும்போது நூற்றுக்கு ஒன்றரை பங்கு அளவுக்கு விரியும், 15 லிட்டர் கீசரில் அது ஒரு டம்ளர். அந்த டம்ளர் எங்காவது போயாக வேண்டும்.

கீசருக்குள் உப்பு

சூடாகும்போது பொரிகிற மாதிரி சத்தம், தண்ணீரில் வெள்ளைத் துகள், முன்பைவிடச் சூடாக அதிக நேரம் என்று இருந்தால் உள்ளே உப்பு நிறைந்திருக்கிறது. தண்ணீரை வடித்து, இரண்டு மூன்று முறை நிரப்பி மறுபடி வடிப்பது நாமே செய்யலாம். அடித்தட்டைத் திறந்து காயிலைச் சுரண்டுவதும், துருப்பிடிக்காமல் தொட்டியைக் காப்பாற்றும் மெக்னீசியம் ஆனோட் ராடை மாற்றுவதும் சர்வீஸ் ஆள் வேலை, அடித்தட்டுக்கு அடைப்பாக இருக்கும் ரப்பர் கேஸ்கெட் சரியாக உட்காராவிட்டால் தண்ணீர் மின்சாரப் பக்கம் கசியும். உப்பு அதிகமுள்ள போர் தண்ணீருக்கு வருடம் ஒருமுறை, மழைக்காலம் தொடங்கும் முன்பே செய்துவிடுவது நல்லது. சூட்டின் அளவைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டை முழுக்க ஏற்றி வைக்காதீர்கள், 60 டிகிரியைத் தாண்டினால் உப்பு படியும் வேகம் கூடும்.

சுவருக்குள் இருந்தால்

மிக்ஸரின் கைப்பிடியைக் கழற்றி உள்ளே திறந்து மூடும் தண்டான ஸ்பிண்டிலைப் பார்த்த பிறகும் குற்றம் தெரியவில்லையென்றால் பைப்தான். பழைய வீட்டு ஜிஐ பைப் (துத்தநாகப் பூச்சு போட்ட இரும்புக் குழாய்) என்றால் துருவும் உப்பும் சேர்ந்து அரை இன்ச் துளை பென்சில் அளவுக்குச் சுருங்கியிருக்கும், அதைச் சுத்தம் செய்ய நல்ல வழி கிடையாது, புது லைன்தான். டைல்ஸை உடைக்க மனம் வராவிட்டால் சுவருக்கு மேலாகவே கொண்டுபோகலாம், பார்வைக்குக் கொஞ்சம் உறுத்தும், அடுத்த முறை பழுது பார்க்கச் சுலபம். வெந்நீருக்குச் சூடு தாங்கும் சிபிவிசி பிளாஸ்டிக் பைப் மட்டும் போடுங்கள், சாதாரண யுபிவிசி பிளாஸ்டிக் பைப் சூட்டில் இளகிவிடும். கீசர் வரை முக்கால் இன்ச் வைத்து, குழாய்க்குப் பிரியும் இடத்தில் அரை இன்ச் ஆக்குங்கள். முக்கால் இன்ச் துளையின் பரப்பு அரை இன்ச்சைவிட இரண்டேகால் மடங்கு, குறைந்த அழுத்தமுள்ள வீட்டில் இந்த வித்தியாசம் நன்றாகவே தெரியும்.

இரண்டுமே மெதுவென்றால்

இப்போதுதான் டேங்க் உயரத்தையும் பம்ப்பையும் பற்றிப் பேச வேண்டும். டேங்கை ஒரு மீட்டர் உயர்த்தினால் 0.1 பார் கூடும், கால் பார் வீட்டுக்கு அது நல்ல லாபம்தான். ஆனால் 1000 லிட்டர் தண்ணீர் என்பது ஒரு டன் எடை, தூண் எங்கே இருக்கிறது என்று தெரிந்த பொறியாளரைக் கேட்காமல் மேடை கட்டக் கூடாது. மழைபோல் கொட்டும் பெரிய ஷவரும் ஒற்றைக் கைப்பிடி டைவர்ட்டரும் (தண்ணீரைக் குழாய்க்கோ ஷவருக்கோ திருப்பிவிடுவது) அதிக அழுத்தத்துக்காகச் செய்யப்பட்டவை, மேல்தளத்தில் பழைய மாதிரி இரண்டு திருகு உள்ள, சுவரில் மாட்டும் மிக்ஸரும் சின்ன ஷவரும்தான் நன்றாக வேலை செய்கின்றன. ஷோரூமில் வாங்கும்போதே எத்தனை பார் வேண்டும் என்று கேட்டுவிடுங்கள்.

பம்ப்தான் என்று முடிவானால், டேங்கிலிருந்து வரும் லைன் பச்சைத் தண்ணீர், வெந்நீர் என்று பிரிவதற்கு முன்னால் வைக்க வேண்டும். ஒரு பக்கத்துக்கு மட்டும் வைத்தால் அந்தப் பக்கம் மற்றதை நெருக்கிவிடும். கரண்ட் போனாலும் தண்ணீர் வர, பம்ப்பைத் தவிர்த்துப் போகும் பைபாஸ் பைப் ஒன்று போடச் சொல்லுங்கள். கீசர் லேபிளில் எத்தனை பார் தாங்கும் என்று எழுதியிருக்கும், அதைப் பார்த்து பம்ப்பைத் தேர்ந்தெடுங்கள், வீட்டுக்கு ஒன்று ஒன்றரை பாரே தாராளம். மாநகராட்சி இணைப்பில் நேராக மோட்டார் வைக்காதீர்கள், அது சட்டப்படி தவறு, அக்கம்பக்கத்து வீடுகளுக்கு வரும் தண்ணீரையும் இழுத்துவிடும்.

எல்லாவற்றையும் மாட்டிய பிறகு ஆங்கிள் காக்கை மெதுவாகத் திறந்து, வெந்நீர்க் குழாயிலிருந்து காற்றில்லாமல் தண்ணீர் தொடர்ந்து வரும் வரை காத்திருங்கள். கீசர் நிரம்பிவிட்டது என்பதற்கு அதுதான் அடையாளம், அதற்கு முன் சுவிட்சைத் தொடாதீர்கள். ஒவ்வொரு இணைப்பையும் உலர்ந்த டிஷ்யூ பேப்பரால் தடவிப் பாருங்கள், ஈரம் பட்டால் கால் திருப்பு இறுக்குங்கள், அதற்கு மேல் முறுக்கினால் வாஷர் பிதுங்கிவிடும். பிறகு அதே வாளியில் மறுபடி அளங்கள். எங்கள் வீட்டில் இப்போது வெந்நீர் 10 லிட்டருக்கு 1 நிமிடம் 30 விநாடி. தேதியோடு அதைக் கீசர் பக்கச் சுவரில் பென்சிலால் எழுதி வைத்திருக்கிறேன், அடுத்த ஐப்பசியில் மறுபடி அளந்து பார்க்க.